நெட்டேரிக்கு ஓர் இடைத்தேர்தல்

நெட்டேரி தொகுதிக்குத் தார்ச்சாலை வந்தது பண்ணை வரதப்பர் செத்ததால், உயர்நிலைப் பள்ளி வந்தது ஞானமணி வாத்தியார் செத்ததால், உயரத்தில் தொட்டி கட்டிக் குழாயில் தண்ணீர் வந்தது லாரி கண்ணப்பன் செத்ததால். நான்காவதாக வந்த சிலம்பம் சீனுவாசன் மட்டும் சாகாமல், கண்ணப்பன் விட்டுப்போன மிச்சக் காலத்தையும் முடித்து, அதற்கடுத்த ஐந்து வருடத்தையும் முழுசாக முடித்து, வெற்றிலை போட்டுக்கொண்டு தன் காலாலேயே நடந்து வீட்டுக்குப் போனார். அதனால் அவர் காலத்தில் நெட்டேரிக்கு ஒன்றுமே வரவில்லை.

பொதுத்தேர்தலில் நெட்டேரி இருநூற்றுச் சொச்சம் தொகுதிகளில் ஒன்று. அங்கே ஓர் ஆறு ஓடுவதும், ஆற்றுக்கு அக்கரையில் மனிதர்கள் இருப்பதும் கோட்டையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஆனால் சட்டமன்ற உறுப்பினர் பதவிக் காலத்தின் நடுவில் செத்துவிட்டால் இடைத்தேர்தல் வரும், இடைத்தேர்தல் வந்தால் மானத்தைக் காப்பாற்ற அரசாங்கமே எழுந்து ஊருக்கு வரும், தெருவுக்கு ஒரு மந்திரி வீடு பிடித்துத் தங்கி, பல் துலக்கிக்கொண்டே குறை கேட்பார், ஜீப்பை விட்டு இறங்காத கலெக்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்குவார், வருடக்கணக்காக வராத மின்கம்பம் தானே நடந்து வந்ததுபோல் மறுநாள் முச்சந்தியில் நிற்கும். இதை நெட்டேரிக்காரர்கள் கூடி உட்கார்ந்து பேசிக் கண்டுபிடிக்கவில்லை. மழை வரும் திசையை மாடு கண்டுகொள்வதுபோல் கண்டுகொண்டார்கள்.

அப்படித்தான் தணிகாசலம் ஜெயித்தார். அவருக்குச் சர்க்கரை இருந்தது, ரத்தக்கொதிப்பு இருந்தது, இடது கால் பெருவிரலில் ஆறாத புண் இருந்தது. சீனுவாசன் மறுபடியும் நிற்கத் துணிந்து, தன் தெம்பைக் காட்ட மேடைக்கு மேடை சிலம்பம் சுற்றினார்; ஒவ்வொரு சுற்றுக்கும் அவருடைய ஓட்டு குறைந்துகொண்டே வந்து, கடைசியில் கட்டிய டெபாசிட்டும் போயிற்று. தணிகாசலமோ விரலில் துணிக்கட்டோடு, செருப்புப் போட முடியாமல், தெருத்தெருவாக நொண்டிக்கொண்டு வந்தார். பெண்கள் ஆரத்தித் தட்டோடு குனிந்து அந்தக் கட்டைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர் மனைவி பவுனம்மாள் அதைக் கவனித்தாள். அவளுக்கு நெட்டேரி பிறந்த ஊர், அதனால் அவளுக்கும் தெரியும்.

ஜெயித்த பிறகு வெள்ளிக்கிழமை தோறும் வீட்டுக்கு இனிப்பு வந்தது. அதிரசம், வெல்லப் பணியாரம், நெய் வடியும் கேசரி, பாகு சொட்டும் ஜாங்கிரி. யாருக்கும் தணிகாசலத்தின் மேல் கோபமில்லை, சொல்லப்போனால் அவரை எல்லோருக்கும் பிடிக்கும், மனு கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு "ஆகட்டும், செய்வோம்" என்பார், ஒரு மனிதரிடமும் முகம் சுளித்தது கிடையாது. அன்பாகத்தான் கொண்டுவந்தார்கள், அன்பாகத்தான் பக்கத்தில் நின்று, "ஒண்ணே ஒண்ணு வாயில போட்டுக்குங்கய்யா" என்று வற்புறுத்தினார்கள். பவுனம்மாள் சிரித்த முகத்தோடு தட்டை வாங்கிக் கொல்லைக்குக் கொண்டுபோய்ப் பசுவுக்கு வைத்துவிடுவாள். பசு கொழுத்துக்கொண்டே போயிற்று.

அதிரசம் நன்றாகச் சுடுகிறவள் அக்கரைத்தாங்கல் அஞ்சாலை. கொடியாற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர் அது. மழைக்காலத்தில் ஆறு புரண்டால் அக்கரைத்தாங்கலிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வர, லாரி டியூபில் காற்றடித்துப் பலகை கட்டி, நான்கு பேர் நீந்தித் தள்ளிக்கொண்டு வரவேண்டும். ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் பாலம் சொல்லப்பட்டது. அடுத்த இடைத்தேர்தலில் அது கட்டப்பட்டுவிடும் என்று அஞ்சாலை நம்பினாள்.

பவுனம்மாளுக்கு வேறொரு கவலை இருந்தது. லாரி கண்ணப்பன் செத்தபோது தலைவர் வருவார் வருவார் என்று உடலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டுப் பந்தலில் நாள்கணக்காக வைத்திருந்தார்கள். கரண்ட் போனது, பெட்டி வியர்த்தது, வரிசையில் வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு மாலை போட்டார்கள். அன்றைக்குக் கட்சித் தொண்டராக அங்கே நின்றுவிட்டு வந்த தணிகாசலம், கிணற்றடியில் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டு, ஈரத்தோடே வந்து மனைவியின் முன்னால் கையை நீட்டினார்.

"பவுனு, என்னை அப்படிக் காட்சிக்கு வைக்காத. செத்த அன்னிக்கே எரிச்சுடு. சூரியன் எறங்கறதுக்குள்ள. கையடிச்சுக் குடு."

அவள் கையடித்துக் கொடுத்தாள். வாழ்க்கையில் அவர் அவளிடம் கேட்டது அது ஒன்றுதான். காபி கூடக் கேட்க மாட்டார், வைத்தால் குடிப்பார்.

மூன்றாம் வருடம் ஒரு மத்தியானம், தயிர்ச்சோறு சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தபடியே தணிகாசலம் செத்துப்போனார். அதிரசத் தட்டோடு அப்போதுதான் வந்த அஞ்சாலைதான் முதலில் கண்டாள். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள், உண்மையாகவே அழுதாள், அழுகிற அந்தக் கண்ணுக்குள் ஆறு வற்றிப் பாலத்தின் தூண்கள் ஒவ்வொன்றாக எழுந்து நிற்பதைப் பவுனம்மாள் பார்த்தாள். ஊரே கூடியது. டாக்டர் வந்து நாடி பார்த்தார், மூக்கருகே கண்ணாடி பிடித்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பவுனம்மாள் அழுகையை ஒதுக்கி வைத்துவிட்டு, வெயிலைப் பார்த்து, "சீக்கிரம் கட்டை அடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

கட்டை வருவதற்கு முன் இளவழகன் வந்துவிட்டான். கட்சியின் மாவட்டச் செயலாளர் அவன். மறுநாள் சட்டசபையில் நம்பிக்கை வாக்கெடுப்பு. அரசாங்கம் ஒரே ஓர் ஆள் அதிகமாக இருந்ததால் நின்றுகொண்டிருந்தது, அந்த ஓர் ஆள் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். இளவழகன் அழவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியருகே குனிந்து, காதோடு சொன்னான்.

"அண்ணே, எழுந்திரிங்க. கட்சி கூப்பிடுது."

தணிகாசலம் எழுந்தார்.

பவுனம்மாளுக்கு அது அதிசயமாகப் படவில்லை. மீசை முளைத்த நாளிலிருந்து அந்தச் சொல்லுக்கு அவர் எழுந்திருக்காமல் இருந்ததே இல்லை. தாலி கட்டின கையோடு பந்தியில் உட்காராமல் மறியலுக்கு எழுந்து போனவர், பிறந்த பெண் குழந்தை மூச்சில்லாமல் துணியில் கிடந்த அன்று மாநாட்டு வேனுக்கு எழுந்து போனவர், இப்போதும் எழுந்து, ஆணியில் தொங்கிய கரைவேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு போனார். மறுநாள் சபையில் கை தூக்கச் சொன்னபோது கையைத் தூக்கினார். அரசாங்கம் பிழைத்தது.

அதன்பிறகு அவர் சாகவும் இல்லை, உயிரோடும் இல்லை. உடம்பு மண்பானைபோல் குளிர்ந்திருந்தது. சாப்பாடு கிடையாது, தூக்கம் கிடையாது, கண் இமைப்பது கிடையாது. நாற்றமும் கிடையாது, அவருக்குப் போர்த்திய சால்வைகளின் புது வாசனை மட்டும் அடித்தது. ஆறாத புண் ஆறிவிட்டது. மனு கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு "ஆகட்டும், செய்வோம்" என்று மட்டும் சொன்னார், மனு கொடுத்தவர்களுக்கு முன்னைக்கும் இப்போதைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முடி வளராததால் முடிவெட்டுகிற மாசிலாமணி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, சும்மா கத்தரியைக் காதருகே சொடுக்கிவிட்டுப் போனார். அந்த வீட்டுக்கு வருவதை நிறுத்தினால் நன்றாக இருக்காது என்றார். சபைக்கு ஒரு நாள் தவறாமல் வந்தவர் என்று பத்திரிகையில் படம் போட்டார்கள்.

ஊர் பழகிக்கொண்டது. கல்யாணப் பத்திரிகையில் முன்னிலை என்று அவர் பெயரைப் போட்டால் ஆகுமா ஆகாதா என்று முதலில் ஒரு தகராறு வந்தது, போடாவிட்டால் கட்சிக்காரர்கள் கோபிப்பார்கள், போட்டால் சம்பந்தி கோபிப்பார், அதனால் பெயரைப் போட்டு, ஆளை மண்டபத்தில் தெற்குப் பார்த்து உட்காரவைத்து, முகூர்த்த நேரத்தில் நடுவே ஒரு திரையைப் பிடிப்பது என்று முடிவாயிற்று. குழந்தைகள் அவரைக் கண்டு பயப்படவில்லை. நாய்கள்தான் கொஞ்ச நாள் ஊளையிட்டன, பிறகு அவையும் அவர் காரின் பின்னால் ஓடத் தொடங்கின.

பவுனம்மாளைத்தான் எங்கே வைப்பதென்று யாருக்கும் தெரியவில்லை. பூக்காரி வாசலில் நின்று, கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துப் பாதி முழம் வைத்துவிட்டுப் போவாள். கோயிலில் குருக்கள் கண்ணை மூடிக்கொண்டு குங்குமத்தை நீட்டுவார், எடுத்தாளா எடுக்கவில்லையா என்பதற்குத் தான் பொறுப்பில்லை என்பதுபோல. வளைகாப்புக்கு அழைக்க வந்தவர்கள் தெருமுனை வரை வந்து திரும்பிப் போனார்கள். ராத்திரி பகல் என்றில்லாமல் நாற்காலியில் இமைக்காமல் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு எதிரில் அவள் தனியாகச் சோறு தின்றாள். ஒவ்வொரு நாளும் சூரியன் இறங்கும்போது கையடித்த கையைப் பார்த்துக்கொண்டாள்.

ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் அஞ்சாலை வந்தாள். தட்டில்லாமல் வந்தாள்.

"யம்மா, தப்பா எடுத்துக்காத. ஐயாவை நாம அனுப்பி வச்சுடலாம்மா."

"எப்படி அனுப்புறது? எழுந்து எழுந்து போறாரே."

"படுக்க வச்சுப் பாப்போம். நம்ம ஆளுங்கல்லாம் வரேங்கறாங்க. கட்டை, எருமுட்டை எல்லாம் எங்க ஊரு பொறுப்பு." அஞ்சாலை குரலைத் தாழ்த்தினாள். "எம் பொண்ணு மாசமா இருக்குது. மழையில பிரசவம் வருது. இப்ப ஐயா போயிட்டாருன்னு வச்சிக்கோ, தேர்தல் வந்து, மந்திரிங்க வந்து, பாலமில்லாட்டியும் ஒரு இரும்புப் பலகையாச்சும் போடுவாங்க."

"உனக்குப் பாலம் வேணும்."

"உனக்கு இன்னாம்மா வேணும்?"

"எனக்கு ஒரு நாள் வேணும். சூரியன் எறங்கறதுக்குள்ள."

ஒரு காலை, ஊரும் அக்கரையும் சேர்ந்து, பறையடித்து, பூவிறைத்து, பாடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்; பாடை காலியாக முன்னால் போக, தணிகாசலம் பின்னால் நடந்து, வழியில் நின்றவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டே வந்தார். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவது வழக்கமில்லை, ஆனால் இது சாவா இல்லையா என்பதே தீராதபோது பவுனம்மாளை யாரும் தடுக்கவில்லை. கட்டையில் படுக்கச் சொன்னார்கள், படுத்தார். நெஞ்சில் எருமுட்டை அடுக்கினார்கள், அடுக்கவிட்டார். கொள்ளியை வாங்கிக்கொண்டு பவுனம்மாள் அவர் தலைமாட்டில் குனிந்தாள். அவ்வளவு கூட்டத்தின் நடுவில் அவரிடம் பேசுவது அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"ஒருக்கா என் பேச்சைக் கேளுங்க. கட்சி கூப்பிட்டாலும் இந்த ஒருக்கா எழுந்திருக்காதீங்க. நான் கையடிச்சுக் குடுத்திருக்கேன்."

தணிகாசலம் இமைக்காத கண்ணால் அவளைப் பார்த்தார். நெஞ்சில் எருமுட்டையோடு, இரண்டு கையையும் எடுத்து அவளைக் கும்பிட்டார்.

"ஆகட்டும், செய்வோம்" என்றார்.

மனு கொடுக்க வந்தவர்களைப் பார்த்து அவர் கும்பிடுகிற அதே கும்பிடு; இத்தனை வருடம் அவருக்குச் சோறு போட்டவளும் அந்த வரிசையில் கடைசியாக நின்றுகொண்டிருந்தவள்தான் என்று அவளுக்கு அப்போது புரிந்தது. அதற்குள் இளவழகனின் கார் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது, பின்னாலேயே போலீஸ் வேன் வந்தது, உறுப்பினரை உயிரோடு எரிக்கப் பார்க்கிறார்களா என்று இன்ஸ்பெக்டர் சத்தம் போட்டார், "உயிரோடயா?" என்று கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இளவழகன் கட்டையருகே வந்து, சலிப்போடு சொன்னான்.

"அண்ணே, துணை பட்ஜெட்டுக்கு ஓட்டெடுப்பு. வாங்க, கட்சி கூப்பிடுது."

தணிகாசலம் எழுந்து, எருமுட்டைத் தூளைத் தட்டிவிட்டு, காரில் ஏறினார். இளவழகன் கதவைச் சாத்திவிட்டுப் பவுனம்மாளிடம் திரும்பினான்.

"அண்ணி, உங்களுக்கு இன்னா குறை வச்சோம்? புருசன் இருக்காரில்ல?"

அந்தக் கார்த்திகையில் ஆறு புரண்டது. அஞ்சாலையின் பெண்ணை டியூபின் மேல் பலகையில் படுக்கவைத்து, பட்டப்பகலில், அடைமழையில், தள்ளிக்கொண்டு வந்தார்கள். பெண் பிழைத்தாள். குழந்தை நடு ஆற்றில் பிறந்தது, அழவில்லை. கரையில் குடையோடு தணிகாசலம் நின்றுகொண்டிருந்தார். கட்சிக்காரர்கள் வெள்ளம் பார்வையிட அவரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். அஞ்சாலை துணிப் பொட்டலத்தை அவர் முன்னால் நீட்டினாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர் என்ன சொன்னார் என்பதை நெட்டேரியில் யாரும் திருப்பிச் சொல்வதில்லை.

காலம் போயிற்று. சபையின் ஆயுள் ஒரு வருடத்துக்கும் குறைந்தது. அவ்வளவு குறைந்துவிட்டால் ஓர் உறுப்பினர் செத்தாலும் இடைத்தேர்தல் வைக்க வேண்டியதில்லை என்பது சட்டம். இதற்குள் எதிர்க்கட்சியிலிருந்து சிலர் இந்தப் பக்கம் தாவியிருந்தார்கள், அரசாங்கத்துக்கு அந்த ஒரு கை தேவைப்படவில்லை. ஒரு நாள் காலை இளவழகன் வந்தான், நாற்காலியருகே குனிந்தான்.

"அண்ணே, போதும். படுங்க."

தணிகாசலம் எழுந்து உள்ளே போய், பாயை விரித்து, தெற்கே தலைவைத்துப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டார். அந்த வீட்டில் அவர் கண் மூடி எவ்வளவோ காலமாயிற்று. பவுனம்மாள் அப்போதுதான் அழுதாள், கொஞ்ச நேரம்தான் அழுதாள், பிறகு வாசலுக்கு வந்து வெயிலைப் பார்த்தாள். இன்னும் நேரமிருந்தது.

"தம்பி, கட்டை அடுக்கச் சொல்லு. இன்னிக்கே எரிச்சுடணும்."

"இன்னிக்கேவா? தலைவர் வர வேணாமா அண்ணி?" என்றான் இளவழகன். "அண்ணன் கட்சிக்கு எவ்ளோ உழைச்சிருக்காரு! அனாதைப் பொணமா அது?"

கண்ணாடிப் பெட்டி ஏற்கெனவே வாசலில் இறங்கிக்கொண்டிருந்தது.

ஞானமணி வாத்தியாரின் சாவு கொடுத்த பள்ளிக்கூடத்து மைதானத்தில், கண்ணப்பனின் சாவு கொடுத்த தண்ணீர்த் தொட்டியின் நிழலில், பெட்டியை வைத்தார்கள். வரதப்பரின் சாவு கொடுத்த சாலையில் தலைவர் வருவார் வருவார் என்று மூன்று நாள் காத்திருந்தார்கள். இத்தனை காலம் கெடாமல் இருந்த உடம்பு இரண்டாம் நாளே கெட்டது. கரண்ட் போனது. வரிசையில் வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு மாலை போட்டார்கள். பவுனம்மாள் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணாடி வியர்வையைத் துடைத்துத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

தணிகாசலத்தின் சாவால் நெட்டேரிக்கு ஒன்றும் வரவில்லை. மந்திரிகள் வந்து தங்கவில்லை, கலெக்டர் சேற்றில் இறங்கவில்லை. அஞ்சாலை தாலுகா ஆபீசுக்குப் போய், ஐயாதான் போயிட்டாரே, எப்பய்யா தேர்தல் என்று கேட்டாள். அங்கிருந்தவர் ஒரு வருடக் கணக்கை விளக்கிச் சொன்னார். அவள் முழுசாகக் கேட்டுக்கொண்டு, ஆற்றைக் கடந்து போனாள்.

அடுத்த பொதுத்தேர்தல் வந்தபோது இளவழகன் மறுபடி வந்தான்.

"அண்ணி, தலைவர் உங்களைத்தான் நிக்கச் சொல்றாரு. அனுதாபம் இருக்குது."

"எனக்கு மேடையில பேச வராது தம்பி."

"அண்ணன் கடைசி வரைக்கும் இன்னா பேசினாரு? நல்லாத்தான போச்சு?" அவன் பழக்கத்தில் கொஞ்சம் குனிந்தான். "எழுந்திரிங்க அண்ணி. கட்சி கூப்பிடுது."

பவுனம்மாள் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஆனால் வெளியே சுவரில் அவள் படத்தைப் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். சம்மதம் கேட்பதற்கு முன்பே அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். நெற்றியில் பொட்டில்லாத அந்த முகத்தைத் தெருவில் போகிறவர்கள் நின்று உற்றுப் பார்த்தார்கள், கண்ணுக்குக் கீழே வீக்கம் இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை அஞ்சாலை வந்தாள். கையில் மூடிய தட்டு. ஆற்றைக் கடந்ததில் புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, பவுனம்மாளின் கால்மாட்டில் உட்கார்ந்து, அவள் பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, விரல் விரலாகப் பிடித்துவிட்டாள்.

"ஒடம்பு எப்பிடிம்மா இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது."

அஞ்சாலையின் கை நின்றது. "ஒண்ணுமே இல்லையா? சர்க்கரை, கொதிப்பு, இன்னாவாச்சும்?"

பவுனம்மாளுக்கு எந்த நோயும் கிடையாது. அவள் தாய் நூறை நெருங்கி வாழ்ந்தவள். தன் பாதத்தைப் பிடித்திருந்த கையை அவள் பார்த்தாள். நடு ஆற்றில் ஒரு பொட்டலத்தை ஏந்தி வந்த கை. தட்டின் மூடியைத் திறந்தாள். அதிரசம் இன்னும் சூடாக இருந்தது. பசு கொல்லையில் குரல் கொடுத்தது.

ஓர் அதிரசத்தை எடுத்துக் கடித்தாள்.

"இருக்குது," என்றாள். "சர்க்கரை இருக்குது. யாருகிட்டயும் சொல்லிக்கல."

அஞ்சாலையின் முகம் மலர்ந்தது, உடனே அதற்கு வெட்கப்பட்டுக் குனிந்துகொண்டது.

"அஞ்சாலை, எனக்கு ஒண்ணு கையடிச்சுக் குடு. நான் செத்தா எவன் வந்து கூப்பிடறதுக்கும் முன்னாடி எரிச்சுடணும். அன்னிக்கே. சூரியன் எறங்கறதுக்குள்ள."

அஞ்சாலை கையைத் துடைத்துக்கொண்டு, ஓங்கி அடித்துக் கொடுத்தாள்.

"எரிச்சுடறோம்மா. எங்க ஊரே வந்து எரிக்கும். கட்டைய இப்பவே வெட்டிக் காயப்போட்டுடறோம்." கொஞ்சம் தயங்கினாள். பிறகு, பெற்ற பெண்ணிடம் சொல்வதுபோல் கனிவாகச் சொன்னாள்: "நீ மட்டும் நாலாவது வருசம் தாண்டாம பாத்துக்கோம்மா."

பவுனம்மாள் தலையாட்டிவிட்டு, இரண்டாவது அதிரசத்தை எடுத்தாள்.